ஐந்து விரல்

சிமெண்டுத் தரையில் முகம் தெரிய வேண்டுமென்றால் ஏழு தடவை தேய்க்க வேண்டும், ஐயா. ஆறு தடவை தேய்த்துவிட்டு ஏழு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நீங்கள் எழுதும் வாக்குமூலத்தையும் கடைசியில் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன், ஆனால் காது கேட்கும்.

அந்தக் கீழ்த்தளத்துக் கூடத்தை மூன்றாவது முறையாகச் செய்துகொண்டிருந்தோம், நானும் என் தம்பியும். முதல் முறை, தேய்த்த தரைமேல் பளபளப்புக்காகப் பூசிய கோட்டிங் காய்வதற்குள் காற்றுத் துளை வழியாகத் தூசி வந்து மணல் தூவியதுபோல் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை, ஒரு பூனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டது. "பூனைக்கும் நம்ம வேலை புடிச்சுப்போச்சுண்ணே, நடந்து பாத்து சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஜினியர் வந்து பார்த்தார். என் மகன் வயதுதான் இருக்கும். "பெரியவரே, இன்னொரு தடவை சொதப்புனீங்கன்னா வீட்டுல உக்காந்துக்குங்க. உங்களை எந்த வேலைக்கும் யாரும் கூப்பிடாத மாதிரி பண்ணிடுவேன்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான். எனக்கு இந்த வேலையைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. வேலை இல்லாத நாளில் மருமகள் தட்டு வைக்கும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

அதனால் மூன்றாம் முறை காற்றுத் துளைகளையெல்லாம் நானே டேப் போட்டு ஒட்டினேன். விசிறியை நிறுத்தினேன். பின்மூலையில் ஒரு விரிசல். அதே தரையைத் தேய்த்த தூளைப் பசையில் குழைத்துத் தம்பி அடைத்திருந்தான். வேறு தூள் போட்டால் தழும்பு மாதிரித் தெரியும். பசை காயவில்லை. காய்ந்ததும் அவன் அங்கேயே இருந்து அந்த ஓரத்தை முடிக்கட்டும், நான் அங்கிருந்து பின்பக்கமாகவே நகர்ந்து வாசல்வரை கோட்டிங் பூசிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். பூசியது காயும்வரை அவன் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இது எங்களுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் ஜன்னல் உள்ள இடங்கள்.

நல்ல முகமூடி ஒன்றுதான் இருந்தது. கோட்டிங்கில் தின்னர் கலந்து பூசுகிறவன் நான் என்பதால் நான் போட்டுக்கொண்டேன்.

வாசலுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. "அண்ணே, தீவு ராஜா ஆயிட்டேன், சாப்பாட்டைப் படகுல அனுப்பு" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, தின்னர் நெடி தாங்கல. விசிறியப் போடு" என்றான்.

"தூசி விழும்டா. துணிய மூஞ்சில கட்டிக்க."

"தலை சுத்துதுண்ணே. நடந்து வந்துடறேன்."

"வா. நடந்து வா. அப்படியே என் சோத்துல மண்ணையும் அள்ளிப் போட்டுட்டு வா."

அவன் எழுந்து நின்றவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான். அறுபது வயதிலும் என் பேச்சைத் தட்டாதவன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவனைக் கட்டி வைக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை.

டீ குடிக்கப் போயிருந்தேன் என்று முதலில் சொன்னது பொய். நான் எங்கேயும் போகவில்லை. பூச்சு காய்ந்த இரண்டு மணி நேரமும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் சுவரில் சாய்ந்ததைப் பார்த்தேன். சரிந்ததையும் பார்த்தேன். தூங்குகிறான் என்று நினைத்தேன். உழைக்கிறவன் அசந்தால் தூங்கத்தானே செய்வான்.

அவன் பெண்டாட்டி நேற்று வந்து, "கடைசியா உங்களைக் கூப்பிட்டாரா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதுவும் பொய்தான். மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை "அண்ணே" என்று வரவில்லை, பாதிதான் வந்தது.

இரண்டு மணி நேரம் ஆனதும் கதவைத் திறந்து தரையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எங்கள் வேலையில் அப்படி ஒரு தரை அமைந்ததே இல்லை, ஐயா. குனிந்தால் என் முகம், முகமூடியோடு.

தம்பி ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கை நீண்டு கோட்டிங் மேல் இருந்தது. மெதுவாகப் பிரித்தெடுத்தேன், இழுத்தால் படலம் உரியும். ஐந்து விரலும் பதிந்திருந்தது. கை சூடாக இருந்ததா என்று கேட்டீர்கள். கவனிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. அரைமணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் மேலே போய்க் காவலாளியைக் கூப்பிட்டேன். இன்ஜினியர் விளக்குப் பிடித்துத் தரையைப் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தை என்னைத் தவிர யாராலும் காட்ட முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த விரல் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால், தம்பி கிடந்த பக்கத்திலிருந்து, கரகரவென்று ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. தரை தேய்க்கிற மிஷின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளங்கை அளவு இடத்துக்கு யாரும் மிஷின் போட மாட்டார்கள், ஐயா. நான் கையால்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.