ஆறு மணி

ரயிலில் போவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஜன்னல் சீட்டுக்காரரோடு சண்டையும் வந்துவிடும். அப்படிப்பட்டவள் ஐந்து வருஷம் ஒரு ஸ்டேஷனுக்கு மாஸ்டராக இருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் தெருவே சிரித்தது.

ஸ்டேஷன் இருந்தது என் வீட்டு மாடி அறையில். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு துணி காயப்போடுவதற்கு வைத்திருந்த அறை அது. அடுத்த வீடு பல் டாக்டருடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மனைவி இறந்து, மகள் கல்யாணமாகி வேறு ஊர் போய், டாக்டர் தன் கிளினிக்கை மூடிய மறுவாரமே அந்தச் சுவருக்குப் பின்னால் பலகை அறுக்கும் சத்தம் கேட்டது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் டம்ளரை எடுத்துக்கொண்டு சர்க்கரை கேட்கப் போனேன். வீட்டில் இரண்டு கிலோ இருந்தது.

அவர் மாடியில் பார்த்தால், இடுப்பு உயரத்தில் பலகை மேடை. அதன்மேல் தண்டவாளம். பிரிட்டிஷ் பாணி பொம்மை ரயிலாம், அந்தக் காலத்துக் கிளைப்பாதையாம். நிஜ ரயிலை எழுபத்தாறால் வகுத்தால் வருகிற அளவு என்றார். பச்சை எஞ்சின், பழுப்பும் பாலாடை நிறமுமாக இரண்டு பெட்டி, கல் பாலம், பால் கேன் அடுக்கிய பிளாட்பாரம், சுண்டு விரல் உயரத்துக்குக் கைகாட்டி மரங்கள். மலையெல்லாம் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர். ஜல்லிக்கற்களைக் கடுகு கடுகாகப் பரப்பி, தண்ணீர் கலந்த பசையை ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். குகைக்குள் ஏதாவது மாட்டினால் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார். மலையைப் பார்த்து "ஆ காட்டு" என்று சொல்லாத குறைதான்.

அவர் கவலை ஒன்றே ஒன்று. அறை குட்டை.

"வண்டி கிளம்பி விசில் அடங்குறதுக்குள்ள அடுத்த ஊர் வந்துடுதுங்க. இது ரயிலா, லிஃப்ட்டா?" என்றார்.

பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு செங்கல், ஒரே ஒரு செங்கல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

நான் யோசிப்பதுபோல் நடித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவள் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்று அங்கே போர்டு மாட்டியிருக்கும். அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் கேட்போம். அத்தனை வருஷம் ஹெட்ஃபோன் மாட்டிய காது ஒரே நாளில் ரிட்டயர் ஆகிவிடுமா? பக்கத்து வீட்டுக்கு ஒரு வழி, அதுவும் அவரே கேட்டு, அவர் கையாலேயே போடுகிற வழி. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்படித்தான் லைன் என் அறைக்கு வந்தது. அவர் பக்கம் பெரிய ஸ்டேஷன், என் பக்கம் சின்ன ஸ்டேஷன், நடுவில் செங்கல் அளவு குகை. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் யார் எப்போது வண்டி விடுவது என்று பேசிக்கொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளை மணி, தட்டுவதற்கு ஒரு கட்டை. நான் வாயால் சொன்னாலே போதும், குகை வழியாக நன்றாகக் கேட்கும். அவர் விடவில்லை. பிரிட்டிஷ் முறையில் ஸ்டேஷன்கள் வாயால் பேசாதாம்.

ஒரு தட்டு என்றால் 'இருக்கீங்களா?' இரண்டு என்றால் 'வண்டி கிளம்பிடுச்சு.' இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினால் 'வந்து சேர்ந்தது, வழி சரி.' ஆறு தட்டினால் அபாயம்: எல்லா வண்டியையும் நிறுத்து. இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. வந்த தட்டை அப்படியே திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டினால் 'புரிந்தது, பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். திரும்பி வரவில்லை என்றால் யாருமில்லை, வேறு வழி பார்.

ஆறு மணி எத்தனையோ தடவை அடித்திருக்கிறார். பல்லி தண்டவாளத்தில் படுத்துக்கொண்டதற்கு ஒரு தடவை. அவர் மூக்குக்கண்ணாடி பாலத்துக்கடியில் விழுந்ததற்கு ஒரு தடவை. நானும் ஆறு தட்டி, வண்டியை நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். அவர் வீட்டுச் சாவி என் அடுப்படி ஆணியில் எப்போதும் தொங்கும். "வாங்க எக்ஸ்சேஞ்ச், இவரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க" என்பார், பல்லியைக் காட்டி. அது எங்கள் இருவருக்கும் நல்ல காலம். அதை மறுக்கவில்லை.

வண்டி ஓடாத நேரத்திலும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். துணி மடிக்க வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் மகள் போனில் அழுதது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார், காது மந்தம். அவள் புருஷனை விட்டு வந்துவிட்டாளாம், தோழி வீட்டில் இருக்கிறாளாம். "நான் இருக்கேன்டா. எப்ப வேணா வா. உன் ரூம் அப்படியேதான் இருக்கு" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம்தான் சொன்னேன். அதுவும் வருத்தத்தோடுதான் சொன்னேன்.

மறுநாள் டாக்டர் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என் பொண்ணுக்காக மருந்துக்கடைக்காரர் என்கிட்ட துக்கம் விசாரிக்கிறார். அவ சொன்னது நேத்து மூணு மணிக்கு. அப்ப அந்த ரூம்ல நானும் சுவரும்தான் இருந்தோம்."

"தெருவுல ஆயிரம் பேசுவாங்க டாக்டர்."

"ஆயிரம் பேசட்டும். ஆரம்பிச்சது ஒரு வாய்தானே?" என் வாயையே பார்த்தார். "நாப்பது வருஷமா வாய் பார்த்தவன் நான். அழுகல் எங்கன்னு கண்ணாடி வெக்காமலே தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. மறுநாள், சனிக்கிழமை, டைம்டேபிளை முழுசாக ஒரு தடவை ஓட்டிவிடலாம் என்றார். அதற்குப் பிறகு குகையை அடைத்துவிடுவாராம். பிளாஸ்டர் நிறைய மிச்சமிருக்கிறதாம். ஐந்து வருஷம் கூட ஓட்டியவளைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷர்.

அன்று முழுக்க நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் போன் செய்வதில்லை. எங்கள் வீட்டு அழைப்பு மணியை அமுக்குகிறவர் கேஸ் சிலிண்டர்காரர் மட்டும்தான். அந்த ஓட்டை வழியாக எனக்கு ஒரு மனுஷரின் இருமல், ரேடியோ, அவர் மகளின் போன் எல்லாம் வந்துகொண்டிருந்தன. அதை அடைக்க ஒரு கிண்ணம் பிளாஸ்டர் போதும் என்றார். அது பத்து நிமிஷத்தில் இறுகிவிடும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். பதினோரு வண்டி. பேச்சில்லை, மணி மட்டும். நாலாவது பால் வண்டி. அது என் பிளாட்பாரத்துக்கு வந்து நின்றதும் நான் இரண்டு, ஒன்று தட்டினேன். பதில் வரவில்லை.

முதலில் அந்தப் பக்கம் நாற்காலி சாய்ந்தது. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. பிறகு அவர் குரல், சொல்லாக இல்லாமல், ஊசி போட்டு மரத்துப்போன வாயால் பேசுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் மணி. மூன்று சீராக வந்தன. நாலாவது தாமதமாக வந்தது, ஐந்தாவது அதைவிடத் தாமதமாக. ஆறாவது வராது என்று நினைத்தேன். வந்தது.

பல்லிக்கு யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள். எனக்குத் தெரியும்.

ஆறு தட்டினேன். தெளிவாக, சம இடைவெளியில். கைகாட்டிகளை அபாயத்தில் வைத்தேன். கரண்ட் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். விதியில் இருக்கிறபடி அடுத்த மணிக்காகக் காத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி மூன்று நாற்பது. குகை வழியாக மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றதா, நான் கேட்பதை நிறுத்தினேனா என்று சொல்லத் தெரியவில்லை. கீழே போய் காபி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். ஐந்தே காலுக்கு ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் இறங்கி நன்றாகவே கத்தினேன்.

அவர் மேடைக்கடியில் கிடந்தார். வலது கை மணி தட்டும் கட்டைக்குக் கீழே. இடது கையில் போன். அதில் மகள் பெயர் எடுத்து வைத்திருந்தது. அமுக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி. அதை நான் அமுக்கினேன். "அப்பா, சொல்லுப்பா" என்று எடுத்தாள். நான்தான் பேசினேன்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர், ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். வீட்டில் தனியாக இறந்தால் எழுதுவார்களாம்.

"பக்கத்து வீடுதானேம்மா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஆறு மணி அடிச்சுது சார்."

"ஆம்புலன்ஸ் வந்தப்பவே மணி அஞ்சரைதானே?"

"அடிச்சுதே சார். எண்ணினேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்றார். பதற்றத்தில் இவருக்கு நேரம் தெரியவில்லை என்று எழுதினார். நான் பொய் சொல்லவில்லை. அதை நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

கேட்பீர்கள், ஏன் போகவில்லை என்று. அவர் வாயால் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அழுகல் வாயை அவர் வாயால் 'வாங்க' என்று ஒரு தடவை கூப்பிடட்டும் என்று. சாவார் என்று நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் எனக்காகக் கிடக்கட்டும், பிறகு நான் போய்த் தூக்கி, கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டால் ஓட்டையை அடைக்க மனசு வராது என்று நினைத்தேன்.

திருப்பித் தட்டியது கைப்பழக்கம் என்று எனக்கே நிறைய நாள் சொல்லிக்கொண்டேன். இல்லை. நான் எக்ஸ்சேஞ்ச்காரி. ஒரு லைனைப் பிடித்து வைத்திருந்தால் வேறு யாரும் அதில் வரமுடியாது என்பது என் தொழில். பதில் போகாவிட்டால் அவர் மகளைக் கூப்பிடுவார், மகள் தெருவில் யாரையாவது கூப்பிடுவாள், நான் தேவைப்படமாட்டேன். ஆறாவது தட்டைத் தட்டும்போது அது எனக்குத் தெரியும். போனைக் கையில் எடுத்துப் பெயரையும் தேடி வைத்தவர், என் மணியைக் கேட்டபிறகு அமுக்கவில்லை. நான் வருகிறேன் என்று நம்பி நிறுத்திவிட்டார். சும்மா இருந்திருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார்.

அன்றிலிருந்து குக்கரை ஐந்தாவது விசிலோடு அணைத்துவிடுகிறேன். வெந்ததோ வேகவில்லையோ, தின்றுவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சாவு வீட்டில் மருந்துக்கடைக்காரர், கையில் போன் இருந்தும் மகளை ஏன் கூப்பிடவில்லை என்று என்னிடம்தான் கேட்டார். "மனசுல என்ன இருந்துச்சோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது, புருஷனை விட்டு வந்த மகள் மேல் அப்பாவுக்கு ஆத்திரம், கடைசி நேரத்தில்கூடக் குரல் கேட்கப் பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டது. அவள் காதுக்கும் போயிருக்கிறது.

அவள் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் மாடியைக் கூட்டும்போது குகைக்குள் குனிந்து கூப்பிட்டாள்.

"அத்தை, இந்த ஓட்டையை அடைச்சிடட்டுமா? உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே."

எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருக்கலாம். உங்க அப்பா உன்னைத்தாம்மா கூப்பிட இருந்தார், நான்தான் நடுவில் புகுந்தேன் என்று. இரண்டே வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் பிளாஸ்டர் கரைப்பாள்.

"இருக்கட்டும்மா," என்றேன். "எனக்கென்ன தொந்தரவு?"

தினமும் சாயங்காலம் அந்த அறையில் உட்கார்ந்து, "ஏன்ப்பா என்னைக் கூப்பிடல?" என்று அழுகிறாள். ஒரு நாள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவம், தனியாக இருக்கிற பெண். அவளுக்கும் ஆள் என்று யாராவது வேண்டாமா?