சங்கத்தின் பேரில் ஓர் அர்ச்சனை

செங்கல்பட்டு ரயிலில் எனக்கு எதிரே காஞ்சிபுரத்து நெசவாளர் இருவர்.

"நேத்து ஒரு சங்கத்து பேர்ல அர்ச்சனை பண்ணேன்" என்றார் குடுமிக்காரர்.

"எந்த சங்கம்?" என்றார் மற்றவர்.

"ஊருக்கு பிளான் போடுறாங்களே, அந்த இஞ்சினீருங்க சங்கம்."

"நம்ம தெருவ ரெண்டா வெட்ட வந்தாரே, அவரோடதா?"

"வெட்டலையேபா. தெரு நெடுக, தறிக்குப் போடுற பாவு நூலை நீட்டிக்கினு இருந்தோம். சுருட்டுற வரைக்கும் நின்னு பாத்தாரு. தெரு நீளம் கொறையக் கூடாதுன்னு படத்துலயே எழுதிட்டாரு."

"அவரு மாத்தலாயி போயிட்டா?"

"அதையும் கேட்டேன். இனிமே வர்ற புது ஆளுங்களுக்கெல்லாம் பத்து வருஷத்துக்கு அந்த சங்கமே தொழில் சொல்லிக்குடுக்குமாம். மொதல்ல நம்ம தெருவுக்குத்தான் கூட்டியாந்து பாவு பாக்க வெப்பாங்களாம்."

மற்றவர் கேட்டார்: "குருக்கள் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. சங்கத்துக்கு ஏதுபா நட்சத்திரம்? என்னுதையே குடுத்துட்டேன்."