முதலாம் சஹனை விட்டு நகராத செய்நிரல்

பொறுமையே பெருமையென இம்மேடையில் வீற்றிருந்து, பசியால் கண்மூடியிருக்கும் மௌலவி அவர்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தும் விருந்து காணாத மாப்பிள்ளை வீட்டுப் பெரியோர்களே! திரைக்கு அப்பாலிருந்து என்னைத் திட்டுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது என்பதை அறியாத தாய்மார்களே! வாசலில் ஒரு காலில் சப்பாத்தும் முகத்தில் கோபமுமாக நிற்கும் மாப்பிள்ளையின் தந்தை ஷிப்லி ஹாஜியார் அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும். அனைவர் மீதும் சாந்தி உண்டாவதாக, ஹாஜியார் மீது சற்று அதிகமாகவே உண்டாவதாக!

நான் நப்ரீஸ், மணமகள் சஹ்லாவின் மாமா. சற்று முன்வரை கணினிப் பொறியியலாளர். இப்போது, "நீ செஞ்ச வேலக்கி நீயே போய்ப் பதில் சொல்லு" என்று சஹ்லாவின் தாயான என் மூத்த சகோதரி றுஷ்னா ராத்தாவால் மேடைக்குத் தள்ளப்பட்ட குற்றவாளி.

நடந்தது என்ன? சஹன் என்னும் ஒரு பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்பது நம் வழக்கம். ஆறு பேர் கூடினால் தாமாகவே அமர்ந்து சாப்பிடத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு கணினி தேவையா? தேவையில்லை! யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை! ஆனாலும் எழுதினேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஆறு பேர் சேர்ந்ததும் அடுத்த சஹனுக்கு நகரும் ஓர் அற்புதச் செய்நிரல்! மரியாதைக்காக மாப்பிள்ளை வீட்டார் பெயர்களையே முன்னால் வைத்தேன். அந்த மரியாதைதான் என் மானத்தை வாங்கியது.

இது முழுவதும் லூப்பின் வேலை. லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஆறு ஆனதும் 'பிரேக்', நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போ என்று எழுதியிருந்தேன். ஆட்களை எண்ணும் வேலையை மட்டும் ஒரு சார்புக்குக் கொடுத்தேன். சார்பு என்பது செய்நிரலுக்குள் கட்டிய ஒரு தனியறை. அந்த அறைக்குள் பிறக்கும் எண் அந்த அறைக்குள்ளேயே மௌத்தாகிவிடும். திருப்பி அனுப்பு என்று சொன்னால்தான் வெளியே வரும். சொன்னேனா? சொல்லவில்லை! ஒவ்வொரு தடவையும் அறைக்குள் எண் பூச்சியத்தில் பிறந்தது, ஒன்றானது, அடங்கியது. வெளியே காத்திருந்த லூப்புக்கு யாருமே வந்து சேரவில்லை என்றுதான் கடைசிவரை நினைப்பு!

அதனால் என்ன அழைத்தது? "முதலாம் சஹனுக்கு வாருங்கள்!" மாப்பிள்ளையின் பெரியப்பாவை அழைத்தது, முதலாம் சஹனுக்கு! சாச்சாவை அழைத்தது, முதலாம் சஹனுக்கு! கொட்டாஞ்சேனை முழுவதையும் அழைத்தது, அதே முதலாம் சஹனுக்கு! மண்டபம் நிறையச் சஹன்கள் சும்மா கிடக்க, ஹாஜியார் கேட்டார்: "எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு சஹனா?" நியாயமான கேள்வி, ஹாஜியார்!

என்ன ஹெக்டர்? "இப்பவும் ஓடுதா?" என்று கேட்கிறார் நம் ஒலிபெருக்கிக்காரர். ஓடவில்லை ஐயா! நான் எழுதிய பிரேக் பிடிக்கவில்லை, நீங்கள் கணினியின் பிளக்கைப் பிடுங்கினீர்கள், நின்றது. இத்தனை வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த சிறந்த திருத்தம் அதுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் ராத்தா சிரிக்கவில்லை, திரையோரம் நின்று அழுகிறார். பந்தி விரித்தவர் அவர். உங்கள் வீடு வீடாக ஏறி இறங்கி அழைத்தவர் அவர். ஹாஜியார், நீங்கள் சாப்பிடாமல் இந்தப் படியிறங்கினால் என் மருமகள் சஹ்லா நாளைக்கு உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? அதை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவமதித்தது இந்தக் குடும்பமா? இல்லை! அவமதித்தது ராத்தாவா? இல்லவே இல்லை! எண்ணத் தெரியாத ஒரு பெட்டியும், அதற்கு எண்ணக் கற்றுக்கொடுக்கத் தெரியாத இந்த நப்ரீஸும்தான்! கோபத்தை முழுவதும் என் தலையில் கொட்டுங்கள். இடம் போதாவிட்டால் வழுக்கையிலும் இடமிருக்கிறது. சோற்றை மட்டும் விட்டுப் போகாதீர்கள்!

ஹாஜியார் ஏதோ சொல்கிறார்... அமைதி! அமைதி! ராத்தாவைப் பார்த்துச் சொல்கிறார்.

"தங்கச்சி, அழ வாணாம். மிசின் கூப்பிட்டா நாங்க வந்த? நீங்க வீட்டுக்கு வந்து கூப்பிட்டுத்தானே வந்தோம்."

சப்பாத்தைக் கழற்றுகிறார், சபையோரே! அல்ஹம்துலில்லாஹ்! என்ன ஹாஜியார்? இன்னும் ஒரு நிபந்தனையா?

"எங்கட சஹன்ல அஞ்சு பேர்தான் ஈக்கிறோம். மைக்க வெச்சிட்டு நீ வா."

தலைமை தாங்கிய மௌலவிக்கும், பொறுத்த பெரியோருக்கும், திட்டிய தாய்மாருக்கும், பிளக்கைப் பிடுங்கிய ஹெக்டருக்கும் என் நன்றியும் ஸலாமும். நீண்ட உரை தயாரித்திருந்தேன், வேண்டாம். அங்கே ஐந்து பேர் கை கழுவிவிட்டு, சோற்றில் கை வைக்காமல் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.