எடை மெஷின் சொன்ன கொழுப்பு

பண்டாரவளையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. தங்கை திடீரென்று சொன்னாள்.

"கால கழுவிட்டு ஏறுனா எனக்குக் கொழுப்புக் குறையுதுக்கா."

"என்னடி சொல்ற?"

"அவரு டுபாயிலருந்து அனுப்புன எடை மெஷின்தான். காலையில முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டுது. கால் ஈரமா இருந்தா முப்பத்திமூணு."

"அதத்தானே டாக்டரும் சொன்னாங்க? அது கால் வழியா லேசா கரண்ட் அனுப்பி, ஒரு உத்தேசக் கணக்குத்தான் போடுதாம். தண்ணி குடிச்சாலும் மாறுமாம். அத நம்பியா சோத்த விட்ட?"

"அம்மாவும் குண்டா இருந்துதானே நெஞ்சு வலியில போனாங்க? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா."

தெமோதரை வளைவில் பஸ் சாய்ந்தது. தங்கை முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின் சொல்றது பொய்னா, எனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"எனக்குத் தெரியாது. ஆனா நேத்து நீ தேயிலக் கொழுந்து பறிக்கிற எடத்துல மயங்கி விழுந்தது பொய்யில்ல. ஒடம்புல ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னதும் பொய்யில்ல."

அக்கா பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதியைக் கொடுத்தாள். தங்கை அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதுல எண்ணெ போட்டியாக்கா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள்.

"அழாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க. இந்தா, திங்கிறேன்."

தங்கை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். அக்கா திரும்பிப் பார்க்கும்வரை அதை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தாள்.