மழையோடு காய்

பிள்ளைகளே, இது கோவில்பட்டி பஸ்ஸில் என் காதில் விழுந்த பேச்சு. முன்சீட்டில் யூனிபார்ம் போட்ட ஒரு சிறுமி தன் அம்மாவிடம் சொன்னாள்:

"எம்மா, நான் மழையோட காய் விட்டுட்டேன்."

"கரிசக்காட்டுல பொறந்துட்டு மழையோட காய் விடலாமாட்டி? அப்புறம் உளுந்து எப்படி முளைக்கும்?"

"வெள்ளத்துல நம்ம வீடு இடிஞ்சிட்டுல்லா? என் ஆட்டுக்குட்டியையும் மழைதான் இழுத்துட்டுப் போச்சு. குட்டியத் திருப்பித் தரட்டும், பழம் விடுதேன்."

"இத்தன நாளா மேகம் கருத்தாலே பள்ளிக்கூடம் போமாட்டேன்னு என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சவ, இன்னைக்கு என்ன பேச்சு பேசுதா!"

அப்போது தூறல் விழுந்தது. அம்மா பதறிப்போய் ஜன்னல் ஷட்டரை இறக்கப் போனாள். சிறுமி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதம்மா. நான் பள்ளிக்கூடம் போறத அது பாக்கட்டும்."