இடப்பக்கம் கிழிந்த கோட்டு

ஹைஃபா யித்திஷ் மொழி நாடகக் குழுவிலிருந்து ஓய்வுபெறும் நடிகர் கெட்ஸல் ரோஸன்ஃபார்ப் அவர்களுக்கு வாசித்தளிக்கும் மடல்

அரங்கையே அழவைத்து, தாம் அழாமல் திரைக்குப் பின் திரும்பிய திண்ணியரே! ப்ரைன்டல் அம்மையார் பெற்ற பெருமகனே! குழுத் தலைவர் ஃபிஷ்ல் அவர்களின் அருமை இளவலே! வணக்கம்.

போர் முடிந்து கப்பலிறங்கிய நம் யூத மக்கள், துறைமுகக் கிடங்கில் ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கி மேடை கட்டிய நாள் முதல் தாங்களே எங்கள் தந்தை வேடம். ஜெர்மானியர் நம்மை வேலிக்குள் அடைத்துவைத்த கெட்டோக் குடியிருப்பின் ஒற்றை அறையில் மகனைப் பறிகொடுக்கும் தந்தையாய்த் தாங்கள் நிற்கையில், எவரும் கைதட்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் பார்த்தவர்கள் வந்து, "எங்கப்பாவும் இப்படித்தான் தொப்பியைப் பிடிச்சுட்டு நின்னாருய்யா" என்று சொல்லிப் போவார்கள்.

மகன் மறைந்த செய்தி கேட்டுத் தந்தை எழுந்து கோட்டின் வலப்பக்கத்தைக் கிழிப்பதே அந்நாடகத்தின் முடிவு. சாவுக்கு உடை கிழிக்கும் நம் முறையில் பிள்ளைக்கு வலப்பக்கம்; பெற்றோருக்கு மட்டுமே இதயத்தின் மேலுள்ள இடப்பக்கம். உடைகளைக் காக்கும் ட்ஸிர்ல் அம்மையார் ஆட்டந்தோறும் வலப்பக்கத்தை எளிதில் கிழியும்படி இழையோட்டி வைப்பார்.

நெதன்யா நகரில் ஒருமுறை தாங்கள் இடப்பக்கத்தைக் கிழித்தீர்கள். தையலிடாத கெட்டித் துணி! முன்வரிசைப் பெண்கள் அதிர்ந்தார்கள்.

"அடியே, அது ஆத்தா அப்பனுக்குக் கிழிக்கிற பக்கம்ல?"

"வலது இடது தெரியாதவனெல்லாம் வேஷம் கட்ட வந்துட்டான்!"

அந்த ஏளனம் இன்றுவரை ஊர்வாயில் இருக்கிறது. ரோஸன்ஃபார்ப் குடும்பத்தின் மேல் படிந்த அந்தக் கறையைத் துடைக்காமல் தங்களை வழியனுப்ப எங்களுக்கு மனமில்லை.

திரை விழுந்ததும் தங்கள் தமையனார் கொதித்தார்.

"நம்ம வீட்டு மானத்தைச் சந்தியில நிறுத்திட்டியேடா! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"இடைவேளையில ஒரு அம்மா வந்தாங்கண்ணே. நம்ம ஊரு பெஸ்யா. என் குரலைக் கேட்டே, 'நீ ப்ரைன்டல் மவன்தானே'ன்னாங்க."

"அதுக்கு?"

"முகாமுக்குப் போற ரயில்ல, அவங்க மடியிலதான் அம்மா கண்ணை மூடினாங்களாம்."

அதுவரை அன்னையாரின் முடிவை யாரும் கண்டு சொன்னதில்லை. காணாத சாவுக்குத் துக்கம் காக்கலாகாது என்று இருவரும் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தீர்கள். எத்தனை காலம் கழித்துச் செய்தி வந்தாலும் தாய்க்காகக் கிழித்தே ஆகவேண்டும் என்பது நம் முறை. தாங்கள் நின்ற இடம் மேடையாக இருந்தது.

ஃபிஷ்ல் அவர்கள் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து மெல்ல எழுந்தார். மகள் திருமணத்துக்கென்று தைத்த தம் ஒரே நல்ல கோட்டை இடப்பக்கம் பற்றி, இதயம் தெரியக் கிழித்தார். ட்ஸிர்ல் அம்மையார் விளக்கைத் தணித்தார்.

"நாளைக்கே எல்லார்க்கும் சொல்லிடறேன். உன்னை ஒரு பய கேலி பண்ணக் கூடாது" என்றார் தமையனார்.

"வேணாண்ணே. சொன்னா கூட்டம் அள்ளும். அம்மாவை வெச்சு டிக்கெட் விக்க வேணாம். என்னை வலது இடது தெரியாதவன்னே சொல்லிட்டுப் போகட்டும்."

பிழை செய்யாத தாங்கள் பிழையாளர் என்ற பெயரைச் சுமந்தீர்கள். அதே அரங்குகளில், அதே வேடத்தில், வேறொரு கோட்டில். தங்கள் சொல்லுக்கு நாங்களும் வாய் மூடினோம். இன்றைய கூட்டத்துக்கு டிக்கெட் இல்லை, ஐயா. ஆகவே சொல்லிவிட்டோம்.

விடைபெறுவோருக்குப் புதுக்கோட்டு அணிவிப்பது எங்கள் வழக்கம். தங்களுக்கு அந்தப் பழைய கோட்டையே தருகிறோம். ட்ஸிர்ல் அம்மையார் வலப்பக்கத்தைக் கெட்டியாய்த் தைத்திருக்கிறார், பொத்தான்களை மாற்றியிருக்கிறார். தாய்க்காகக் கிழித்ததைச் சீராய்த் தைக்கலாகாது என்பதால், இடப்பக்கத்தில் ஊசி படவில்லை.

அதை அணிந்து, உடல்நலத்தோடு, நம்மவர் வாழ்த்தும் நூற்றிருபது வயதுவரை வாழ்வீராக!

தங்கள் தமையனார் ஃபிஷ்ல் ரோஸன்ஃபார்ப் அவர்களின் ஒப்புதலோடு,
குழுவினர் அனைவரும்