ஸ்ட்ரெச்சர் வரட்டும்

எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. நீங்க எந்திரிச்சு நின்னா மட்டும் உள்ள பெட் காலியாயிடுமா? உங்க அப்பா பக்கத்துலயே எங்க நர்ஸு நிக்கிறாரு, ஆக்ஸிஜன் சிலிண்டரப் பாத்துக்கிறாரு. நான் வெறும் ஆம்புலன்ஸ் டிரைவரு. ஓட்டுறதுதான் நம்ம வேலை, இப்ப அதுவும் இல்ல.

இல்லல்ல, உங்களச் சொல்லல. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

ஆமா, வாசல்ல நிக்கிறது எல்லாமே எங்க வண்டிங்கதான். விக்கிறதுக்கு நிறுத்தி வச்ச மாதிரி இல்ல? டீசல் இருக்கு, டிரைவர் இருக்கான். ஸ்ட்ரெச்சரெல்லாம் உள்ள வராண்டாவுல மாட்டிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரில பெட் குடுக்குற வரைக்கும் ஆளு எங்க ஸ்ட்ரெச்சர்லயேதான் படுத்திருக்கணும். ஒப்படைக்காம நாங்க நகரவும் கூடாது. ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆம்புலன்ஸ வச்சு என்ன பண்றது, மூட்டையா ஏத்துறது?

ஃபோன் அடிக்குது, இருங்க. கன்ட்ரோல் ரூம்தான். ஹலோ... இல்லங்க, இன்னும் விடல. விட்டதும் சொல்றேன்.

ஒரு கேஸ் காத்துக்கிட்டிருக்கு தம்பி. ஒரு பொம்பள, மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டம்மாதான் ஃபோன் பண்ணியிருக்காங்க. மூணாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போயி மாசக்கணக்காச்சு, ஒரு பய சரிபண்ணல. இந்தப் பகல் நேரத்துல கட்டடத்துல யாரு இருப்பா, எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க. நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வரக்கூட ஆளில்ல. நாங்க போனாத்தான் உண்டு.

ஐயையோ, அப்பாவ எறக்கி உக்கார வைக்கிறேன்னெல்லாம் கெளம்பாதீங்க! தலையத் தூக்கினாலே அவருக்குக் கண்ணு சொருகுது, வண்டியிலயே பாத்தீங்கல்ல? ஒருத்தரக் கொன்னு ஒருத்தரக் காப்பாத்தவா நான் இந்த வேலைக்கு வந்தேன்? உங்களுக்கு நல்ல மனசு, அது வேற விஷயம். பேசாம உக்காருங்க.

கேக்காம இருப்பேனா? உள்ள போயி டாக்டரம்மாகிட்ட கத்து கத்துன்னு கத்திட்டேன். அவங்க பதிலுக்குக் கத்தியிருந்தாக் கூட பரவாயில்ல. வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போயி வார்டக் காட்டினாங்க. ஒரே கட்டில்ல ரெண்டு பேரு. தரையில ஒரு பெரியவரு, ட்ரிப்ஸ ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டிருக்கு. இதுல யாரப் போயி எந்திரிங்கன்னு சொல்றது? திரும்பி வந்துட்டேன்.

தண்ணியா? வேணாம் தம்பி, நீங்க குடிங்க.

வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போகலாம்தான். நானும் யோசிச்சேன். ஸ்ட்ரெச்சரும் உங்க அப்பாகிட்ட, இருந்த கடைசி சிலிண்டரும் அவருக்குத்தான் மாட்டியிருக்கு. மூச்சுக்குத் தவிக்கிறவகிட்ட வெறுங்கைய வீசிட்டுப் போயி நின்னு, என்ன சொல்லச் சொல்றீங்க?

இருங்க, மறுபடி அடிக்குது. சொல்லுங்க... ம்... வேற வண்டி எதுவும் போச்சா?... சரிங்க. வைக்கிறேன்.

ஒண்ணுமில்ல. அந்தக் கேஸ் கேன்சலாம். இல்ல தம்பி, வேற வண்டி போகல. இனிமே வண்டி வேணாம்னு பக்கத்து வீட்டம்மா சொல்லிட்டாங்களாம்.

அட, நீங்க எதுக்கு அழுறீங்க? உங்க அப்பா என்ன, வேணும்னேவா வந்து படுத்திருக்காரு? பொழைக்கணும்னுதானே வந்தாரு. நல்லாப் பாத்துக்கோங்க, அது போதும்.

அதோ, கை காட்டுறாங்க பாருங்க. பெட் காலியாயிருச்சு போல. வாங்க, நான் தலமாட்டுல புடிக்கிறேன், நீங்க கால் பக்கம் புடிங்க. கெட்டியாப் புடிங்க. மெதுவா, மெதுவா. இனி எனக்கு ஒரு அவசரமும் இல்ல, நேரா வீட்டுக்குத்தான் போகணும். அந்த மூணாவது மாடிக் கேஸு, அது என் பொண்டாட்டி, தம்பி.